மேசன் வர முதல் வேலியில் குருவி எண்ணினேன்

வளவடி (கொக்குவில்) | சனி, காலை 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வளவின் மேற்குப் பக்க வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டுவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. அடுத்த கிழமை மேசன் வருகிறார். பூவரசும் கிளுவையும் கலந்த பழைய வேலி அது. அப்பா கதியால் (வேலிக்கு நடுகிற பச்சைத் தடி) போட்ட காலத்தில் நான் பள்ளிக்கூடமே போகத் தொடங்கவில்லை. இப்போது பூவரசுகள் என் தொடைப் பருமனுக்கு வந்துவிட்டன.

வெட்ட முதல் அதில் என்னென்ன இருக்கிறதென்று ஒருமுறையாவது ஒழுங்காகப் பார்க்க வேண்டும் என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால் இன்று விடிய 5.35க்கு குசினிப் படியில் தேத்தண்ணியோடு இருந்துவிட்டேன். எழும்பினது எட்டு மணிக்கு.

இருட்டில் முதலில் கேட்டது குருவி இல்லை, பனம்பழம் விழுந்த சத்தம். பின்வளவில் அடுத்தடுத்து இரண்டு. நல்லூர்த் திருவிழாவுக்கு நடந்து போகிறவர்களின் பேச்சு ஒழுங்கையில் கேட்டது. அதற்குப் பிறகுதான் லைட் கம்பியில் இருந்து கரிச்சான் கூப்பிட்டது. காகம் வாய் திறக்க முதல் எழும்புவது அதுதான் என்று அம்மா சொல்லுவா. இன்று நேரம் பார்த்தேன்: 5.41 கரிச்சான், 5.50 காகம்.

வெளிச்சம் வரத்தான் புலுனிகளைக் கண்டேன். இத்தனை வருடம் அவை எங்கிருந்தோ வந்து முற்றத்தைக் கிளறுகின்றன என்றுதான் நினைத்திருந்தேன். அவை வரவில்லை, அங்கேயே இருந்திருக்கின்றன. கிளுவைக் கொப்பு ஒன்றில் ஏழு புலுனிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே வரிசையாக, பஞ்சுமூட்டை மாதிரி உறங்கிக்கொண்டிருந்தன. நடுவில் இருந்தது முதலில் தலையை நீட்டியது. அடுத்தது பக்கத்திலிருப்பதன் கழுத்து இறகைக் கோதிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒன்று நிலத்துக்கு இறங்க, மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் இறங்கி, சருகைக் கிளறத் தொடங்கின. பிறகு ஒரே சண்டைச் சத்தம்தான்.

வேலி அடியில் செண்பகம் நடந்து போனது. வாயில் ஓணான் குட்டி. பூவரசம் இலை ஒன்று விளிம்போடு விளிம்பு தைக்கப்பட்டுத் தொங்கியது. தையற்சிட்டின் பழைய கூடு, உள்ளே பஞ்சு மட்டும் மிச்சம். கொண்டைக்குருவிச் சோடி ஒன்று, அதன் பின்னால் வால் வளராத இரண்டு குஞ்சுகள். கிணற்றுக் கட்டில் மீன்கொத்தி. பின்வளவில் தலையில்லாத பனையில் மரங்கொத்தி. 8 மணிக்கு எண்ணிப் பார்த்தால் 18 இனம். அதில் 11 இனம் வேலிக்குள் போனது அல்லது வேலியிலிருந்து வந்தது.

இரண்டு விசயம் எனக்குப் பிடிபடவில்லை. ஒன்று, காகம் ஒன்று ஒரு குருவியைத் துரத்தித் துரத்திக் கொத்துகிறது என்று நினைத்துக் கல்லெடுக்கப் போனேன். பார்த்தால் அது தீத்துகிறது! தீன் வாங்கினது காகக் குஞ்சு இல்லை. பழுப்பில் வெள்ளைப் புள்ளி, வாய்க்குள் நல்ல சிவப்பு. மற்றது, கம்பியில் இருந்த இரட்டைவால் குருவி ஒன்றின் வயிற்றில் வெள்ளை தெரிந்தது. வெள்ளை வயிற்றுக் கரிச்சானா?

உங்களில் மதில் கட்டியவர்கள் இருந்தால், கட்டிய பிறகு குருவிகளுக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். ஆவணியில் பார்க்க என்ன இருக்கிறது, பூநாரை வரட்டும் என்று சொல்கிற ஆட்களிடம் கேட்டு எனக்குப் பயனில்லை.

பனங்கூடல் (புத்தூர்) | சனி, காலை 10.25

அக்கா, கல்லெறியாமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம். நீங்கள் கண்டது குயிற் குஞ்சு. பழுப்பில் வெள்ளைப் புள்ளி என்றால் பெரும்பாலும் பெட்டைக் குஞ்சு. வளர்ந்த பெட்டைக் குயிலும் அப்படித்தான் இருக்கும். கறுப்பாக இருப்பது சேவல் மட்டும். எங்கள் ஊரில் பாதிப்பேர் பெட்டையை வேறொரு குருவி என்றே நினைத்திருக்கிறார்கள்.

குயில் காகக் கூட்டில் முட்டையிடும் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். படிக்காத பங்கு இது: குயில் முட்டை ஏறக்குறைய 13, 14 நாளில் பொரிக்கும். காக முட்டைக்கு 16, 17 நாள் வேண்டும். அதனால் குயிற் குஞ்சுக்கு முதல் தீன் கிடைத்துவிடுகிறது. வெளிநாட்டுக் குயில்களைப் பற்றிய வீடியோக்களில் குஞ்சு மற்ற முட்டைகளை முதுகால் தள்ளி விழுத்துவதைக் காட்டுவார்கள். எங்கள் குயிற் குஞ்சு வழக்கமாக அப்படிச் செய்வதில்லை. காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். அதனால் அந்தக் காகத்துக்குச் சொந்தக் குஞ்சும் பக்கத்தில் இருக்கலாம். நாளைக்குப் பாருங்கள்.

இதே காகம்தான் தாய்க் குயிலைக் கண்டால் மரம் மரமாகத் துரத்தும். குஞ்சை மட்டும் தன்னுடையதென்றே தீத்தும். ஆவணியில் பார்க்க ஒன்றுமில்லை என்கிறவர்களை இதைப் பார்க்கக் கூப்பிட வேண்டும். மாசியில் இதைக் காண முடியாது.

இரட்டைவால் பற்றி: வெள்ளை எங்கிருந்து எங்கே வரைக்கும் இருந்தது? கீழ் வயிறு முழுதும் சுண்ணாம்பு பூசினது மாதிரியா, அல்லது செதில் செதிலாகவா?

வளவடி | சனி, காலை 10.50

செதில் மாதிரித்தான் தம்பி. ஓரம் ஓரமாக வெள்ளை. வாலின் பிளவும் ஆழமில்லை.

பனங்கூடல் | சனி, காலை 11.05

அப்படியென்றால் அது எங்கள் கறுப்புக் கரிச்சானின் இந்த வருடக் குஞ்சு. வயிற்று இறகின் நுனிகள் வெள்ளையாக இருக்கும், இறகு மாற முழுக் கறுப்பாகிவிடும். வெள்ளை வயிற்றுக் கரிச்சான் என்றால் அடிவயிறு திட்டாக, ஒரே வெள்ளையாக இருக்கும். கொழும்பிலும் வன்னிக் காட்டிலும் ஆட்கள் காண்பது பெரும்பாலும் அதைத்தான். கறுப்புக் கரிச்சான் இலங்கையில் வடக்கு, வடமேற்குக் கரையோரத்தோடு நின்றுவிடும் குருவி. எங்களுக்கு லைட் கம்பிக்குக் கம்பி இருப்பதால் அதன் அருமை தெரிவதில்லை.

கோவிலில் புராணம் படிக்கும்போது கரிக்குருவிக்குச் சிவன் உபதேசம் செய்த கதை கேட்டிருப்பீர்கள். மற்றப் பறவைகளிடம் கொத்து வாங்கி இரத்தம் வடிய வந்த குருவி, மந்திரம் கேட்டு, வலியான் என்று பெயர் வாங்கியது. கரிச்சான் ஒன்று செம்பிராந்தின் முதுகில் ஏறி நின்று கொத்துவதை ஒருமுறை கண்டால் அந்தக் கதை எங்கிருந்து வந்ததென்று விளங்கும்.

செங்கல் (சுன்னாகம்) | சனி, பின்னேரம் 1.15

நான் மதில் கட்டியவன். நான்கு வருடமாகிறது. மதில் கட்டுகிறவர்கள் எல்லோரும் குருவியில் இரக்கம் இல்லாதவர்கள் என்று இங்கே ஒரு பேச்சு வர முதல் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வேலி சும்மா நிற்காது. வருடா வருடம் கதியால் மாற்ற வேண்டும், கொப்பு வெட்ட வேண்டும், பொட்டு (வேலி ஓட்டை) அடைக்க வேண்டும். முன்பு பக்கத்து வளவுக்காரரும் நாங்களும் சேர்ந்து ஒரு நாளில் செய்த வேலை. இப்போது பக்கத்து வளவு பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் வெளிநாட்டில். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் இரண்டு நாள் கூலியும் சாப்பாடும். என் மனைவி தனியே இருக்கிற வீடு. மாடு உள்ளே வந்து தோட்டத்தை மேய்ந்தது இரண்டு தரம், வேலிப் பொட்டால் ஆள் வந்தது ஒரு தரம். பிறகு நான் யோசிக்கவில்லை.

ஆனால் வளவடி கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். காகம், மைனா, கிளி, புறா குறையவில்லை. மீன்கொத்தி மதிலிலேயே வந்து இருக்கிறது. போனது புலுனி. முதல் வருடம் மதிலின் மேலால் பறந்து வந்து பார்த்தன. பிறகு இல்லை. தையற்சிட்டும் செண்பகமும் இல்லை. இப்போது காலையில் முற்றம் கூட்டும்போது சருகைக் கிளறுகிற சத்தம் இல்லாதது எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

பனங்கூடல் | சனி, பின்னேரம் 1.50

செங்கல் அண்ணை, நீங்கள் சொன்ன பெயர்களைப் பாருங்கள். போன மூன்றும் நிலத்தோடும் பற்றையோடும் சீவிக்கிறவை. புலுனிக்குத் தூரம் பறக்க வராது. செட்டையைக் கொஞ்சம் அடித்து, கொஞ்சம் மிதந்து, ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்குப் போகும். செண்பகமும் அப்படித்தான், ஓடித் திரிகிற சாதி. அதற்கு வேலி என்பது வீடு மட்டுமில்லை, றோட்டு. ஒரு குறிச்சியில் பத்து வளவு வேலி தொடராக இருந்தால் அவை பனங்கூடலில் இருந்து கோவில் கேணி வரைக்கும் நிலம் வெளிக்காமல் போய்வரும். நடுவில் மூன்று வளவில் மதில் வந்தால் அந்த றோட்டு அறுந்துபோகும்.

ஸ்காபரோ மகள் | சனி, இரவு 8.30

இங்கே கனடாவில் எனக்கு முற்பகல், உங்களுக்கு இரவு. வளவடி அக்கா எழுதியதை மூன்று தரம் வாசித்தேன்.

எங்கள் வளவு இணுவிலில். பனம்பழக் காலத்தில் அம்மம்மா விடிய எழும்பிக் கடகத்தோடு பின்வளவுக்குப் போவா, நானும் பின்னால் போவேன். அவ முதலில் வேலியைத்தான் பார்ப்பா. புலுனி கத்தினால் பாம்பு நிற்குது, அந்தப் பக்கம் போகாதே என்பா. அது பொய்யில்லை. இரண்டு தரம் நானே கண்டிருக்கிறேன், புலுனி எல்லாம் ஒன்றாகக் கூடி நின்று ஒரே இடத்தைப் பார்த்துக் கத்த, கீழே சாரைப்பாம்பு.

எங்கள் வேலியும் மதிலாகிவிட்டது. காசு அனுப்பினது நான்தான். அப்போது பாதுகாப்பென்று மட்டும்தான் யோசித்தேன். பிழை என்று சொல்ல வரவில்லை, அம்மா தனியே இருக்கிறா. ஆனால் யாராவது முதலே இந்தக் கணக்கை எனக்குச் சொல்லியிருந்தால் பின்பக்கத்தையாவது விடச் சொல்லியிருப்பேன்.

அக்கா, அடுத்த முறை இருக்கும்போது போனில் சத்தம் மட்டும் பதிந்து போட முடியுமா? படம் வேண்டாம், சத்தம் போதும்.

கண்டிவாசி | ஞாயிறு, காலை 7.20

வளவடி, உங்கள் மரங்கொத்தியின் முதுகு என்ன நிறம்? நான் பத்து வருடமாகக் கண்டியில் இருக்கிறேன். இங்கே எங்கள் வீட்டுத் தென்னையில் வருவது இரத்தச் சிவப்பு. ஊருக்கு வந்தபோது கண்டதெல்லாம் மஞ்சளாக இருந்தது. சேவலும் பெட்டையும் வித்தியாசமோ என்று நினைத்தேன்.

வளவடி | ஞாயிறு, காலை 7.45

பொன் மஞ்சள். பழுத்த மாம்பழத் தோல் மாதிரி.

பனங்கூடல் | ஞாயிறு, காலை 8.30

இதைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி, எனக்கு நிரம்பப் பிடித்த பறவை. சேவல், பெட்டை வித்தியாசம் முதுகில் இல்லை, தலையில்தான். சேவலுக்கு நெற்றியிலிருந்தே சிவப்பு. பெட்டைக்கு முன் நெற்றி கறுப்பில் வெள்ளைப் புள்ளி, பின்கொண்டை மட்டும் சிவப்பு.

முதுகின் நிறம் இடத்தைப் பொறுத்தது. தெற்கிலும் மலைநாட்டிலும் இருப்பது செம்முதுகு மரங்கொத்தி, உலகத்தில் இலங்கையில் மட்டும் உள்ளது. வடக்கில் இருப்பது பொன்முதுகு, இந்தியாவில் உள்ள மரங்கொத்தியின் உறவு. எங்கள் பக்கத்து உள்ளினத்தின் அறிவியற் பெயரே 'ஜஃப்னென்ஸே'. யாழ்ப்பாணத்தின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிற குருவி அது. இரண்டுக்கும் நடுவில் உள்ள பகுதியில் இரண்டும் கலந்து செம்மஞ்சள் முதுகோடும் காணலாம். கண்டிவாசி, அடுத்த முறை ஏ9 வீதி வழியாக வரும்போது சாப்பாட்டுக்கு நிறுத்துகிற இடங்களில் தென்னையைப் பாருங்கள். சிவப்பு எங்கே மங்கத் தொடங்குகிறதென்று குறித்து வையுங்கள்.

தலையில்லாத பனை பற்றி ஒரு வார்த்தை. சண்டைக் காலத்தில் செல் விழுந்து வட்டுப் போன பனைகள் எங்கள் ஊரெல்லாம் நின்றன. விழுந்தவை போக மிச்சத்தை இப்போது ஆட்கள் தறிக்கிறார்கள். மரங்கொத்தி பொந்து போடுவது அதில்தான். அது விட்டுப்போன பொந்தில் மைனா, மைனா விட்டால் கிளி. பட்டமரம் வீட்டின் மேல் விழுகிற தூரத்தில் இல்லையென்றால் நிற்க விடுங்கள். அது செத்த மரமில்லை, தொடர்மாடி.

வேலணைக்காரன் | ஞாயிறு, காலை 10.10

தீவுப் பக்கத்திலிருந்து கொஞ்சம். எங்களுக்குப் பூவரசு வேலி குறைவு, பனைமட்டை வேலிதான் கூட. காற்று அப்படி. சோளகம் இப்போது கொஞ்சம் தணிகிறது. எங்கள் வளவில் விடியற்காலைச் சத்தம் என்றால் கவுதாரி. பனையடிப் பற்றைக்குள் இருந்து கூப்பிடுகிறது, ஒன்று தொடங்கினால் எதிர்ப்பக்கம் மற்றது பதில். கழுத்தில் கறுப்புப் பட்டி உள்ள சாம்பல் புறாவும் நிறைய. இந்த இரண்டையும் தெற்கில் இருந்து பறவை பார்க்க வருகிறவர்கள் தேடி வருகிறார்கள். இலங்கையில் வடக்கு, வடமேற்குக் கரையை விட்டால் அவர்களுக்கு வேறிடம் இல்லை.

வெளிநாட்டுக் குருவிகள் வரத் தொடங்கிவிட்டன. போன புதன் பின்னேரம் வயற்கரையில் உள்ளான் ஒன்று, வாலை ஆட்டி ஆட்டித் தனியே. அது தனியாகத்தான் முதலில் வரும். பண்ணைப் பாலத்தால் போகிறவர்கள் இரண்டு பக்கமும் பாருங்கள். எல்லோரும் பூநாரை பூநாரை என்று மார்கழி, தைக்குச் சுண்டிக்குளம் போகிறார்கள். போகட்டும், அழகுதான். ஆனால் முதலில் வருகிறதை வரவேற்க ஆளில்லை.

வீட்டில் இருந்து பார்க்கிறவர்களுக்கு இன்னும் இரண்டு: நீலவால் பஞ்சுருட்டான் கம்பியில் வரும், ஆவணிக் கடைசி, புரட்டாசி முதல். சத்தத்தில்தான் முதலில் தெரியும், மேலே எங்கோ மணி கிலுக்கினது மாதிரி. அதன் பிறகு ஆறுமணிக்குருவி. அது களைத்து விழுந்தே வந்து சேரும், வேலி அடியிலோ கோழிக்கூட்டிலோ கிடக்கும். கண்டால் பெட்டிக்குள் இருட்டில் வைத்துவிட்டு அடுத்த நாள் விடிய திறந்துவிடுங்கள், பூனை கிட்டப் போக விடாதீர்கள்.

செங்கல் | ஞாயிறு, பின்னேரம் 4.00

சரி, மதில் இருக்கிற வளவில் என்ன செய்யலாம்? சட்டியில் தண்ணி வைக்கலாம் என்று நினைக்கிறேன். இந்த மாதம் கிணறே அடியில் நிற்கிறது, குளம் குட்டை எல்லாம் வெடித்துக் கிடக்கிறது. ஆனால் டெங்குக்குப் பரிசோதிக்க வருகிறவர்கள் தண்ணிச் சட்டியைக் கண்டால் பிரச்சினையாகுமோ?

நல்லதண்ணி (சாவகச்சேரி) | ஞாயிறு, பின்னேரம் 5.35

நான் சுகாதாரப் பகுதியில் வேலை செய்தவன், இப்போது ஓய்வு. தண்ணி வைப்பதில் பிழையில்லை, விட்டுவிடுவதுதான் பிழை. முட்டையிலிருந்து நுளம்பாகிப் பறக்க ஒரு கிழமையாவது வேண்டும். ஒவ்வொரு நாளும் ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணி விட்டால் குடம்பி வளராது. ஆனால் ஊற்றினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, சட்டியின் சுவரில் ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் மாதக் கணக்கில் கிடந்து, தண்ணி பட்டதும் பொரிக்கும். தும்பால் உள் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

சட்டி ஆழமாக இருக்கக் கூடாது, இரண்டு விரல் ஆழம் போதும். நடுவில் ஒரு கல் வையுங்கள், சின்னக் குருவி நின்று குளிக்க. நிலத்தில் வைத்தால் பூனைக்குத்தான் விருந்து. இடுப்பளவு உயரத்தில், கிட்ட ஒரு கொப்பு இருக்கிற மாதிரி, ஆனால் பூனை பதுங்குகிற பற்றைக்கு அருகில் இல்லாமல்.

அப்புறம், சோறு போடுவது பற்றியும் சொல்ல வேண்டும். பானையில் மிஞ்சின சோற்றையெல்லாம் முற்றத்தில் கொட்டுகிற பழக்கம் நல்லதில்லை. காகம் பெருகும். பெருகின காகம் கொண்டைக்குருவிக் கூட்டையும் தையற்சிட்டுக் கூட்டையும் தேடிப் பிரித்து முட்டையைத் தின்னும்.

வளவடி | ஞாயிறு, இரவு 7.10

ஐயா, தண்ணி பற்றிச் சொன்னதற்கு நன்றி. சோறு பற்றி நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். சனி விரதத்துக்குக் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் எங்கள் வீட்டில் சாப்பாடு. அப்பா போன பிறகு அம்மா ஒரு நாள்கூட அதை விடவில்லை. காகம் வந்து எடுக்கும் வரை அவ இலையில் கை வைக்கமாட்டா. அதை நிறுத்தச் சொல்ல என்னால் முடியாது, நிறுத்தவும் விருப்பமில்லை.

நல்லதண்ணி | ஞாயிறு, இரவு 7.40

பிள்ளை, அதை நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் அப்படித்தான். ஒரு பிடி சோறு வைப்பது வேறு, வாளியோடு கொட்டுவது வேறு. ஒரு பிடியைக் காகம் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போய்விடும். அம்மா வைக்கட்டும்.

சின்னவன் (உரும்பிராய்) | ஞாயிறு, இரவு 9.00

நான் ஏ.எல். படிக்கிறேன், போனில் குருவிச் சத்தத்தை வைத்துப் பெயர் சொல்கிற செயலி போட்டிருக்கிறேன். பதிவு செய்த சத்தத்தைப் போட்டால் செண்பகம் கிட்ட வருகிறது. அப்படிப் படம் எடுக்கலாமா?

பனங்கூடல் | ஞாயிறு, இரவு 9.20

தம்பி, கேட்டுப் பெயர் பார்க்க அந்தச் செயலி நல்லது. சத்தத்தைப் போட்டுக் கூப்பிட வேண்டாம். தன் எல்லைக்குள் வேறொரு செண்பகம் வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது வருகிறது. குஞ்சுக்குத் தீன் தேடுகிற நேரத்தில் இல்லாத எதிரியைத் தேடி அலையும். பதினைந்து நிமிடம் அசையாமல் ஒரு இடத்தில் இரு, தானே வரும். சட்டையும் நிறம் பார்த்துப் போட்டுக்கொள், வெள்ளை வேண்டாம்.

வளவடி | புதன், இரவு 8.15

இரண்டு நாள் வரமுடியவில்லை, மன்னிக்கவும். வீட்டில் கதை நடந்தது.

நோர்வேயில் இருக்கிற தம்பிதான் மதிலுக்குக் காசு தருகிறவன். அவனிடம் வேலியை விடு என்று நேரே சொன்னால் அக்காவுக்கு வேலையில்லை என்பான். அதனால் ஸ்காபரோ மகள் கேட்ட மாதிரி சத்தம் பதிந்து அனுப்பினேன். திங்கள் விடிய படலையடியில் இருந்து, 5.40 தொடக்கம் 20 நிமிடம். கரிச்சான், கோவில் மணி, காகம், பிறகு புலுனி எழும்புகிற சத்தம். ஒன்றும் எழுதவில்லை, சத்தத்தை மட்டும் அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் எடுத்தான். முதல் கேள்வி, உந்தப் புலுனி இன்னும் அதே கிளுவையிலா இருக்குது என்று. சின்ன வயதில் அவன் அதற்குக் கெற்றப்போலால் (கவணால்) கல் அடித்தவன். அதை அவனே சொன்னான், குரல் ஒரு மாதிரிப் போய்விட்டது.

முடிவு இப்படி: ஒழுங்கைப் பக்கம் முன்னுக்கு மதில் வரும், அம்மாவின் பாதுகாப்புக்கு. மேற்குப் பக்கம் வேலி நிற்கும். பொட்டு உள்ள இடத்தில் உட்பக்கத்தால் கம்பிவலை அடித்து, மாடு வராமல் பார்க்கலாம். பக்கத்து வளவுக்காரருக்கும் சம்மதம், அவருக்குக் காசு மிச்சம். முன் பக்கத்தில் நிற்கிற நான்கு பூவரசு போகத்தான் போகிறது. அது எனக்குத் துக்கம்தான்.

மேசனுக்கும் விசயத்தைச் சொன்னேன். முன்பக்கப் பூவரசில் கொண்டைக்குருவிக் கூடு இருந்தால் குஞ்சு பறக்கும் வரை பொறுப்பேன், வேறு வேலை இருக்கிறது என்றார். ஏறிப் பார்த்தோம், கூடு காலி.

செங்கல் | புதன், இரவு 9.05

நல்ல முடிவு பிள்ளை. வெட்டுகிற பூவரசைக் கதியாலாகத் தருவீர்களா? என் மதிலின் உட்பக்கத்தால் ஒரு வரிசை போடலாம் என்று நினைக்கிறேன்.

நல்லதண்ணி | புதன், இரவு 9.30

தருவதானால் இப்போது வெட்டி வைக்க வேண்டாம், இந்த வெயிலில் காய்ந்துவிடும். எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசியில் இருந்து மார்கழி வரைக்கும்தான். முதல் மழை விழுந்து மண் நனைந்த பிறகு போடுங்கள். கைப்பிடிப் பருமன், ஆள் உயரம், அடியைச் சரிவாக வெட்டி. கிளுவையும் ஒன்றுவிட்டு ஒன்று போடுங்கள், பூவரசு மட்டும் என்றால் அடி வெளித்துப் போகும். நடுவில் ஆடாதோடை வைத்தால் அடியும் மூடும், ஆடும் கடிக்காது. சருகைக் கூட்டி எரிக்காமல் அடியில் விட வேண்டும், புலுனி வருவது அதற்குத்தான்.

செங்கல் | புதன், இரவு 9.40

அப்படியென்றால் முன்பக்கத்து நான்கில் இரண்டையாவது ஐப்பசி வரை நிற்க விடச் சொல்லி மேசனிடம் கேளுங்கள். நான் வந்து வெட்டுகிறேன், கூலி வேண்டாம்.

ஸ்காபரோ மகள் | வியாழன், காலை 5.10

சத்தத்தை இங்கேயும் போட்டதற்கு நன்றி அக்கா. 11வது நிமிடத்தில் தூரத்தில் ஒரு மணிச் சத்தம் மாதிரி, கோவில் மணி இல்லை, மேலே இருந்து, மூன்று தரம் கேட்கிறது. வேலணைக்காரன் அண்ணா சொன்னது அதுவா?

வேலணைக்காரன் | வியாழன், காலை 6.30

இப்போதுதான் காதில் மாட்டிக் கேட்டேன். அதுதான். பஞ்சுருட்டான், ஒன்றுக்கு மேல், உயரத்தில் போகிறது. திங்கள் விடிய கொக்குவிலுக்கு மேலால் போயிருக்கிறது. எங்களுக்கு இன்னும் வரவில்லை. வளவடி, நீங்கள் கேட்கவே இல்லையா?

வளவடி | வியாழன், காலை 8.20

இல்லை, நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் புலுனி இறங்கிற நேரம்.

இன்று விடிய மறுபடியும் இருந்தேன். குயிற் குஞ்சு தானாகக் கறிவேப்பிலைப் பழம் பிடுங்கித் தின்றது, ஆனால் காகம் வந்ததும் செட்டையை நடுக்கிக் கொண்டு வாயைத் திறந்தது. காகம் கொடுத்தது. காகத்தின் சொந்தக் குஞ்சும் ஒன்று கிட்ட நின்றது, பனங்கூடல் தம்பி சொன்னபடியே. கம்பியில் பஞ்சுருட்டான் இல்லை. நாளைக்கும் 5.35க்கு இருப்பேன்.